கே வழியும் எஃப் வழியும்

உங்களை வேலையிலிருந்து நீக்கியவர்கள் தப்பான ஆளை நீக்கினார்கள். நீக்கியிருக்க வேண்டியது என்னை. துக்கத்தில் பெருந்தன்மை காட்டுகிறான் என்று நினைக்காதீர்கள், அக்கா. நடந்தது அதுதான்.

உங்கள் கருமக்கிரியை அட்டை என் மேசைமேல் இருக்கிறது. தபாலில் வந்தபோது யாருடையது என்றே எனக்குப் புரியவில்லை. முதலில் அச்சடித்திருந்த பெயரை நான் கேட்டதே இல்லை. அதன் பக்கத்தில் @ குறி. அதற்கப்புறம்தான் நான் அறிந்த பெயர். நம் ஆட்களின் அடையாளக் கார்டில் பாதிக்குப் பாதி அந்தக் குறி இருக்கும். தோட்டத்துக் கணக்கர், கிராணி, எழுதியது ஒரு பெயர், வீட்டில் கூப்பிட்டது ஒரு பெயர். ஒன்றரை வருடம் உங்களுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் இரண்டு பெயர் என்று தெரிந்துகொள்ளவில்லை. நான் எதைத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்?

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் அந்த மாடி அலுவலகம் இன்னும் இருக்கிறது. எதிரே இப்போது ரயில் பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. சன்னலைத் திறந்தால் சிமெண்டுதான் தெரியும். அப்போது பேருந்து நிறுத்தம் தெரியும். கிள்ளானிலிருந்து பேருந்து ஏறி, நசுங்கி, புடவை கசங்கி, எட்டரைக்கு முன்னால் நீங்கள் வந்துவிடுவீர்கள். செந்தூலிலிருந்து வரும் நான் ஒன்பதேகாலுக்கு வருவேன். “வாங்க பாஸ், கையெழுத்துப் போடணும்லா” என்று நீங்கள் என்னைக் கேலி செய்வீர்கள். உண்மையான பாஸ், நம் வழக்கறிஞர், பத்து மணிக்கு வருவார்.

அவரைப் பற்றி நல்லதையும் சொல்லிவிடுகிறேன். செமினிக்கு உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் வீடமைப்புக்கு விற்று, நாற்பத்தேழு குடும்பங்களை லயத்து வீடுகளை விட்டுப் போகச் சொன்னபோது, வேறு யாரும் தொடாத வழக்கை அவர்தான் எடுத்தார். மேடைக்கு மேடை சமுதாயம் சமுதாயம் என்று பேசியவர்கள் எல்லாரும் அந்த வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை. இவர் எடுத்தார். ஆனால் ஆட்களை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார வைத்து, அவர்கள் வாழ்க்கையைக் கேட்டு எழுதியது அவர் இல்லை. நீங்கள்.

நாற்பத்தேழு வாக்குமூலங்கள். நீண்ட காலம் அங்கே வேலை செய்ததைக் காட்டினால்தான் மாற்று வீடு. அவர்கள் பேசப் பேச நீங்கள் நேராகக் கணினியில் தட்டுவீர்கள். தாளில் குறிப்பு எடுக்கமாட்டீர்கள். “எழுதிட்டு அப்புறம் தட்டுனா அவங்க பேச்சு என் பேச்சா மாறிடும் தம்பி” என்பீர்கள். கடைசித் திருத்தம் முடிந்தபிறகு ஒரே தடவையாக அச்செடுக்கலாம் என்பது பாஸின் உத்தரவு. ஆகவே அந்த நாற்பத்தேழு பேரின் சொல்லும் ஒரே இடத்தில் இருந்தது: பின்னறையில் நான் காவல் காத்த சர்வரில்.

அவர்களில் ஒரு கிழவி. தோட்டத்தில் தினமும் வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கும் செக்ரோல் புத்தகத்தில் லெட்சுமி. அடையாளக் கார்டில் முனியம்மா. அவர் கார்டில் @ குறிகூட இல்லை. லெட்சுமி முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியிருக்கிறாள், ஆனால் அப்படியொரு ஆள் இல்லை. முனியம்மா இருக்கிறாள், ஆனால் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது வசதியாக இருந்தது. நம் பாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நீங்கள் அந்தக் கிழவியிடம் நான்கு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் வாங்கினீர்கள். செக்ரோல் நகலைப் பக்கத்தில் விரித்தீர்கள். முனியம்மாவுக்குப் பிள்ளை பிறந்த ஒவ்வொரு முறையும் லெட்சுமியின் பெயருக்கு நேரே கட்டம் காலி. நான்கு முறை. நான்கும் பொருந்தின.

“பாருங்க பாஸ். இவ வலியெடுத்துப் படுத்தா, அவ வெட்டுக்குப் போவல. ஒரு பக்கம் ஒண்ணு நடந்தா இன்னொரு பக்கம் தெரியுது. அப்பன்னா ஒரே ஆளுதானே?”

பாஸ் மேசையைத் தட்டிச் சிரித்தார். கிழவிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. “நான் லெட்சுமியாத்தான் மரம் வெட்டுனேன், முனியம்மாவாத்தான் பிள்ள பெத்தேன். இதுல என்னாடி இருக்கு?” என்றார். அதையும் அப்படியே தட்டினீர்கள்.

இதெல்லாம் என் காதில் விழுந்தது. அடுத்த மேசை. நான் கணினித் துறையில் டிப்ளோமா வாங்கியவன், இருபத்திரண்டு வயது, ஒரு டைப்பிஸ்ட் செய்கிற வேலையில் எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். உங்களுக்கு இதை யாரும் விளக்கவில்லை. நானும் விளக்கவில்லை.

சர்வரில் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பாதை வேண்டும். உங்கள் கணினியில் அது எஃப் என்ற எழுத்தில் தொடங்கும். எஃப் திறந்து, அதற்குள் வழக்குகள், அதற்குள் தோட்டம், அங்கேதான் வாக்குமூலங்கள். பாஸுக்கு இத்தனை படி இறங்கப் பொறுமை இல்லை. “எனக்கு ஒரே எழுத்து போதும்லா, தட்டுனா வரணும்” என்றார். நான் கே என்ற எழுத்தை அமைத்து, அதைத் திறந்தால் நேராக அந்தத் தோட்டத்து அறைக்கே போகும்படி செய்தேன். ஐந்து நிமிட வேலை. ஒரே அறைக்கு இரண்டாவது வாசல் வைத்தேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. பிறகு மறந்தும்போனேன். எல்லாருடைய திரையிலும் கே தெரிந்தது. அது பாஸுக்காக எடுத்துவைத்த நகல் என்று எல்லாரும் நினைத்தார்கள். சில மாதத்தில் நானே அப்படி நினைக்க ஆரம்பித்தேன்.

விசாரணைக்கு எட்டு நாள் இருக்கும்போது சர்வரில் இடம் இல்லை என்று திரை சொன்னது. பாஸ் கட்சிக்காரர் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினார். தேவையில்லாத நகலையெல்லாம் அழி என்றார். நான் அச்சு இயந்திரத்தைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன், கையெல்லாம் மை. நீங்கள் வந்தீர்கள்.

“தம்பி, கே-ல இருக்கிறதும் நம்ம எஃப்-ல இருக்கிறதும் ஒரே மாரி தெரியுது. எத அழிக்கிறது?”

“ஒப்பிட்டுப் பாருங்கக்கா. அதுக்கு ஒரு கட்டளை இருக்கு.” எழுதிக் கொடுத்தேன். “வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னா கே-ய தூக்கிருங்க. அது பாஸோட காப்பி.”

நாற்பத்தேழையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டீர்கள். மத்தியானம் முழுக்க. ஒரு தாளில் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சரிக்குறி போட்டீர்கள். வித்தியாசம் இல்லை, வித்தியாசம் இல்லை என்று திரை நாற்பத்தேழு முறை சொன்னது. மறுபடியும் என்னிடம் வந்தீர்கள்.

“தம்பி, எனக்கு என்னமோ மாரி இருக்கு. நேத்து சாயங்காலம் கடைசியா ஒருத்தரோடதுல நான் திருத்தம் போட்டேன். அதுவும் கே-ல இருக்கு. பாஸ் நேத்து ஆபீஸே வரல. யாரு காப்பி எடுத்தது?”

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். எஃப் வழியாகத் தொட்டது கே வழியாகத் தெரிகிறது என்று நீங்கள் வாயால் சொல்கிறீர்கள். கிழவிக்கு நீங்கள் போட்ட கணக்கை அப்படியே எனக்கும் போட்டுக் காட்டுகிறீர்கள். நான் தலையைத் தூக்கவில்லை.

“தானா எடுத்திருக்கும்லா.”

“தானா எடுக்குமா?”

“அக்கா, கம்ப்யூட்டர நான் பார்த்துக்கிறேன், நீங்க டைப் அடிங்க.”

“இல்ல தம்பி, இரட்டைப் பிள்ளைக்குக்கூட ஒரு மச்சமாச்சும் மாறியிருக்கும். இது ரெண்டுதானான்னு எப்படித் தெரியும்?”

“கே ஒரு எழுத்து, எஃப் ஒரு எழுத்து. ரெண்டுன்னு எண்ணத் தெரியாதா உங்களுக்கு?”

உங்கள் முகம் ஒரு கணம் சுருங்கியதைப் பார்த்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, பிறகு தனியாக டைப் கற்று, இந்த மேசைக்கு வந்தவர் நீங்கள். எண்ணத் தெரியாதா என்று கேட்டால் எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

போய் அழித்தீர்கள். கே-யைத்தான் அழித்தீர்கள். நான் சொன்னதைத்தான் செய்தீர்கள். “அழிச்சாச்சா?” என்று இங்கிருந்தே கத்தினேன். “ஆச்சு தம்பி.” நான் பின்னறைக்குப் போனேன். அழித்ததை மீட்டெடுக்க சர்வர் கொஞ்ச நாள் ஒளித்துவைத்திருக்கும். அதுவும் இடத்தை அடைக்குமே என்று, அதையும் சுத்தமாகத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது என் விரல்.

பத்து நிமிடம் கழித்து உங்கள் குரல் கேட்டது. “தம்பி, எஃப்-ல ஒண்ணுமே இல்லியே.”

டிஸ்கெட்டில் தனியாக எடுத்துவைப்பதும் என் வேலைதான். கடைசியாக எடுத்தது அந்த வழக்கு வருவதற்கு முன்பு.

சர்வர் முன்னால் உட்கார்ந்து என் பழைய அமைப்பைத் திறந்தேன். கே என்ற எழுத்துக்கு நேரே நான் எழுதிய வரி இருந்தது. எஃப் போகிற அதே இடம். படித்தேன். இரண்டு முறை படித்தேன். அங்கேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் வெளியே நின்று, உள்ளே வரலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் திரையை அணைத்தேன்.

பாஸின் அறையில் அவர் கேட்டது ஒரே கேள்வி. “யாரு அழிச்சது?”

“நான்தான் பாஸ்” என்றீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார். “நீ என்னா சொல்ற?”

“காப்பியத்தான் பாஸ் அழிக்கச் சொன்னேன். எஃப்-ஐத் தொடச் சொல்லல.”

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஏழு வார்த்தையில் அவ்வளவு பெரிய பொய்யை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. இரண்டையும் நீங்களே அழித்ததாக அது ஆனது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தீர்கள். எஃப்-ஐயும் தொட்டுவிட்டேனோ என்று உங்கள் கையை நீங்களே குனிந்து பார்த்தீர்கள்.

“நாளைலேர்ந்து வர வேணாம்” என்றார் பாஸ்.

மறுநாள் நீங்கள் வரவில்லை. வேறு எங்கே போனீர்கள் என்பது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து காஜாங், காஜாங்கிலிருந்து செமினி, அதற்கப்புறம் செம்மண் பாதையில் நடை. பள்ளிக்கூட நோட்டுகளை வாங்கிக்கொண்டு லயத்துக்கு லயம் உட்கார்ந்து, அவர்களை மறுபடி பேச வைத்து, கையால் எழுதியிருக்கிறீர்கள். முதலாளி இல்லை, உத்தரவு இல்லை. ஐந்தாம் நாள் மாடிப்படி ஏறி வந்து ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசைமேல் வைத்தீர்கள். புடவை ஓரமெல்லாம் செம்மண்.

“முப்பத்தொன்பது இருக்கு தம்பி. நீயே தட்டிரு. என் கையெழுத்து உனக்குப் புரியும்ல?”

“மத்த எட்டு?”

“ஏழு வீடு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, எங்கன்னு யாருக்கும் தெரியல. முனியம்மாப் பாட்டிக்கு வாய் இழுத்துக்கிச்சு தம்பி. என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. பேச்சு வரல.”

பாஸ் தன் அறையில்தான் இருந்தார். நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை. அவரும் வெளியே வரவில்லை.

முப்பத்தொன்பது குடும்பங்கள் மாற்று வீட்டுப் பட்டியலில் ஏறின. உங்கள் நோட்டுகளால் ஏறின. செய்தித்தாளில் பாஸின் படம் வந்தது. முனியம்மாவின் வாக்குமூலம் இல்லாததால் அந்தப் பிறப்புப் பத்திரங்களையும் செக்ரோலையும் சேர்த்துக் கட்ட ஒரு சொல் இல்லாமல் போயிற்று. லெட்சுமி ஒருத்தி, முனியம்மா ஒருத்தி என்றே தீர்ந்தது. பாட்டியின் மகன் குடும்பம் ஆற்றோரப் புறம்போக்கில் பலகை வீடு கட்டியது. போய்ப் பார்த்தேன். மழைக்கு உள்ளே தண்ணீர் வருகிறது. நாட்டுக்கு முப்பது வருடம் பால் வெட்டிக் கொடுத்தவளுக்கு நாடு கேட்டது ஒரு தாள். அந்தத் தாளை அழித்தது எதிர்த்தரப்பு இல்லை. தமிழ்ப்பிள்ளை, படித்த பிள்ளை, நான்.

வேறு வேலை தேட நீங்கள் கேட்டது ஒரு சான்றுக் கடிதம். பாஸ் கொடுத்தார். “கவனக்குறைவின் காரணமாக நீக்கப்பட்டார்” என்ற வரியோடு கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டி எந்த அலுவலகத்திலும் உங்களால் உட்கார முடியவில்லை. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தீர்கள். ரப்பரை விட்டுத் தப்பித்து டைப் கற்றவரை மறுபடி ரப்பரிடமே கொண்டுபோய் விட்டது அந்த வரி.

அதற்குப் பிறகு உங்களை ஒரே ஒருமுறை பார்த்தேன். கிள்ளான் பேருந்து நிலையத்தில், தொழிற்சாலைச் சட்டையில். எனக்குக் குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தீர்கள். நான் மறுத்தும் கேட்கவில்லை. கல்யாணம் எப்போது என்று கேட்டீர்கள். பேருந்து வரும் நேரத்தில், ஏதோ கடைச்சாமான் பட்டியலில் விட்டுப்போனதைக் கேட்பதுபோலக் கேட்டீர்கள்.

“தம்பி, ஒண்ணு சொல்லு. நான் எஃப்-லயும் அழிச்சிட்டேனா? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். கே-ல மட்டுந்தான் அழிச்ச மாரி இருக்கு. ஆனா அப்படின்னா எஃப்-ல எப்படிப் போகும்? என் கைதான் எங்கயோ...”

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும். இரண்டும் ஒரே இடம் அக்கா, வாசல்தான் இரண்டு, வைத்தது நான். உங்கள் கை சரியாகத்தான் செய்தது. உங்கள் சந்தேகமும் சரி.

“விடுங்கக்கா. முடிஞ்சு போனது” என்றேன்.

தலையாட்டிவிட்டு ஏறினீர்கள். அந்தக் கேள்வியோடு எத்தனை நாள் உறங்கினீர்களோ எனக்குத் தெரியாது. உங்கள் வேலை போனதைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் கையை உங்களுக்கே அந்நியமாக்கினேன்.

இப்போது சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய அலுவலகத்தில் இருக்கிறேன். என் கீழே நான்கு பேர். ஒரே மாதிரி இரண்டு கோப்பு இருக்கிறது, ஒன்றை அழிக்கலாமா என்று கேட்டு யாராவது வந்தால், ஒப்பிடச் சொல்வதில்லை. ஒப்பிட்டால் இரண்டும் ஒரே மாதிரி என்றுதான் தெரியும். இரண்டா ஒன்றா என்று தெரியாது. ஒரு வழியாகப் போய் ஒரு கோப்பின் கடைசியில் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறேன். மற்ற வழியாகப் போய்த் திறக்கச் சொல்கிறேன். புள்ளி அங்கேயும் இருந்தால் கையை எடு என்கிறேன். எங்கே கற்றீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். ஒரு டைப்பிஸ்டிடம் என்றேன். நம்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆறு மாதம் படுத்திருந்தீர்களாம், எனக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் உறவுக்காரர் ஒருவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “நல்ல வேலைதான் பார்த்தா. கவனம் இல்லாமப் போச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டா.” உங்கள் மகள் பாயசம் பரிமாறிக்கொண்டே அதைக் கேட்டாள். பதினேழு வயதிருக்கும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பலமுறை கேட்டுப் பழகிய முகம்.

அவளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கே, எஃப், பின்னறை, நான் சொன்ன ஏழு வார்த்தை. அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். உங்கள் சான்றுக் கடிதம். மடித்த இடத்தில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

“இது பேப்பர்ல இருக்கு அண்ணே. நீங்க வாயால சொல்றீங்க. எனக்குப் பேப்பர்ல வேணும். அதே ஆபீஸ் பேப்பர்ல.”

நேற்று பிரிக்பீல்ட்ஸ் போனேன். பாஸுக்குத் தலை நரைத்திருக்கிறது. சுவரில் மாலையோடு நிற்கும் படங்கள் கூடியிருக்கின்றன. என்னைப் பார்த்ததும் சிரித்தார். உட்காரச் சொன்னார், தே தாரிக் டீ சொல்லியனுப்பினார். நீங்கள் போய்விட்டதைச் சொன்னதும் உண்மையாகவே வருந்தினார். “நல்ல அம்மா. அந்த முப்பத்தொன்பதும் அவங்க கொண்டாந்ததுதான்” என்றார். அவருக்கு அது நினைவிருக்கிறது என்பதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அஞ்சு வருஷம் ஆச்சு தம்பி. இப்ப அந்த லெட்டர மாத்துனா, அன்னிக்கி நான் தப்பா நீக்குனேன்னு நானே எழுதுன மாரி ஆகும்லா.”

“ஆமா பாஸ். அதத்தான் எழுதணும்.”

“அவங்களே இல்லியே. யாருக்கு?”

நான் அவர் மேசையிலிருந்த கடிதத்தாளில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தேன். “அழிஞ்சதுக்குக் காரணம் நான், அவங்க இல்ல. ரெண்டு வரி. கையெழுத்துப் போடுங்க.”

தொலைபேசி அடித்தது. எடுத்தார். வேறொரு வழக்கைப் பற்றி மெதுவாகப் பேச ஆரம்பித்தார், நாற்காலியை சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. தே தாரிக் வந்தது. ஆறியது. பேச்சு முடிந்து அவர் அடுத்த எண்ணை அழுத்தினார்.

“எழுதிக் குடுங்க பாஸ்” என்றேன்.